2019-இல் எத்தனை பேர் இறந்தார்கள்? தமிழ்நாட்டின் சாலை விபத்துப் பதிவுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2016-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,218 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு சொன்னது. அடுத்த ஆண்டு அது 16,157. 2018-இல் 12,216, 2019-இல் 10,525. மூன்றே ஆண்டுகளில் 39 விழுக்காடு குறைந்துவிட்டது. இதே காலத்தில் நாடு முழுவதற்குமான எண்ணிக்கை ஒன்றரை லட்சத்தைச் சுற்றியே நின்றுகொண்டிருந்தது. அதனால் தமிழ்நாட்டுக்குப் பாராட்டு குவிந்தது. மற்ற மாநிலங்கள் இங்கே வந்து பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் பேசினார்கள்.

அப்புறம் கணக்கு மாறியது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பின்னாளில் வெளியிட்ட ஆண்டறிக்கைகளில் அதே ஆண்டுகளுக்கு வேறு எண்கள் வந்தன. 2018-க்கு 18,394, 2019-க்கு 18,129, ஊரடங்கு ஆண்டான 2020-க்கு 14,527. 2019-க்கு மட்டும் 7,604 பேர் கூடிவிட்டார்கள். இந்தத் திருத்தத்தால் தேசியக் கூட்டுத்தொகையே நகர்ந்தது. 2019-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,51,113 பேர் என்றிருந்தது 1,58,984 ஆனது. உயர்ந்தது 7,871. அதில் ஏறக்குறைய முழுவதும் தமிழ்நாட்டின் பங்கு.

'பார்த்தீர்களா, எல்லாம் பொய்க்கணக்கு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அது சுலபம். ஆனால் விபத்துப் பதிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு சாலையைச் சீர்செய்ய நினைக்கும் எவருக்கும் இந்த நான்கைந்து ஆண்டுக் கதையைவிட நல்ல பாடப்பொருள் இந்தியாவில் கிடைக்காது என்பது என் எண்ணம். எந்தப் பிழை எந்த முடிவைக் கெடுத்தது, எதைக் கெடுக்கவில்லை என்று பிரித்துப் பார்த்தால்தான் அதன் பயன் தெரியும்.

முதலில், தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை. சாலைப் பாதுகாப்புக்கென்று 2007-இலேயே ஒரு கொள்கை அறிக்கை வந்தது. 2008-இல் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. உலக வங்கிக் கடனில் நடந்த சாலைத் திட்டத்தின் பகுதியாக 2009-இல் ஆர்ஏடிஎம்எஸ் என்ற கணினிப் பதிவு முறை நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு விபத்தையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் குறிக்கக்கூடிய மென்பொருள் அது. வேறு பல மாநிலங்கள் அப்போது தாள் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தன. 2016 டிசம்பரில் நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை மூடச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் (அந்த வழக்கின் தொடக்கமே தமிழ்நாட்டு வழக்கறிஞர் ஒருவர் தொடுத்த மனுதான்) மாநிலத்தில் ஆயிரக்கணக்கான டாஸ்மாக் கடைகளை 2017-இல் இடம்பெயர வைத்தது. அரசு மருத்துவமனைகளில் விபத்து அவசரச் சிகிச்சைக்கென்று தனி ஏற்பாடும் அதே சமயத்தில் வந்தது. ஆக, சாவு குறைந்ததாகச் சொன்னபோது அதை நம்புவதற்குக் காரணங்கள் இருந்தன. சிக்கலே அங்கேதான்.

ஒரு பதிவு எப்படி உருவாகிறது

விழுப்புரம் பக்கம் நெடுஞ்சாலையில் இரவு ஒன்பது மணிக்கு ஒரு மோட்டார் சைக்கிள்காரர் அடிபட்டுக் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 108 வந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறது. அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதி, அதன் நகலைக் காவல் நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். 'ஏ.ஆர். காப்பி' என்பார்கள். ஏட்டையா ஒருவர் போய் வாக்குமூலம் வாங்கிவருகிறார். எஃப்ஐஆர் போடப்படுகிறது. அந்த நேரத்தில் ஆள் உயிரோடு இருக்கிறார், காயத்தின் தன்மை பற்றிய சான்றிதழ் இன்னும் வரவில்லை. எனவே பழைய தண்டனைச் சட்டத்தின்படி 279, 337 ஆகிய பிரிவுகள் போடப்படும். அஜாக்கிரதையாக ஓட்டியது, சாதாரணக் காயம் ஏற்படுத்தியது. எலும்பு முறிந்தது என்று சான்றிதழ் வந்தால் 338 ஆகும். இறந்துபோனால் 304-ஏ. (2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் இவை 281, 125, 106 என்று மாறியிருக்கின்றன. வேலையின் போக்கு அதேதான்.)

தலைக்காயம் கடுமையாக இருந்தால் அவரைப் புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னை ராஜீவ் காந்தி மருத்துவமனைக்கோ அனுப்பிவிடுவார்கள். பதினொன்றாம் நாள் அவர் அங்கே இறக்கிறார். விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால் அது சாலை விபத்துச் சாவு என்பதுதான் உலகம் முழுக்க உள்ள வழக்கம், இங்கும் அதுதான். செய்தி நிலையத்துக்கு வருகிறது, பிரேத விசாரணை நடக்கிறது, பிரிவை மாற்றி 'ஆல்ட்ரேஷன் ரிப்போர்ட்' நீதிமன்றத்துக்குப் போகிறது. இதுவரை சட்டப்படியான வேலை. செய்யாமல் விட்டால் வழக்கே நிற்காது, ஆகவே செய்துவிடுவார்கள்.

விபத்துத் தரவுத்தளத்தில் மாற்றுவது வேறு வேலை. அதற்கு ஸ்டேஷன் ரைட்டர் மறுபடி கணினி முன் உட்கார்ந்து, பழைய பதிவைத் தேடித் திறந்து, காயமடைந்தவர் என்றிருப்பதை இறந்தவர் என்று திருத்த வேண்டும். திருத்தாவிட்டால் எந்த நீதிபதியும் கேட்கப்போவதில்லை. வழக்குக் கட்டில் இறந்துபோனவர், தரவுத்தளத்தில் காயத்தோடு உயிர் வாழ்ந்துகொண்டிருப்பார். மாதாந்திரக் கிரைம் மீட்டிங்கில் 'போன வருஷம் இதே மாசம் எத்தனை, இந்த வருஷம் எத்தனை' என்று கேட்கப்படும் சூழலில், எண்ணைக் கூட்டும் திருத்தத்துக்கு யாரும் அவசரப்பட மாட்டார்கள். பொய் எழுத வேண்டிய தேவையே இல்லை. பாக்கி வேலையைப் பாக்கியாகவே விட்டால் போதும்.

முன்கூட்டியே தெரிந்திருக்க முடியுமா?

முடியும். வெளியான எண்களிலேயே அது இருந்தது.

2016-இல் தமிழ்நாட்டில் பதிவான விபத்துகள் 71,431. 2019-இல் 57,228. அதாவது 20 விழுக்காடு குறைவு. ஆனால் சாவு 39 விழுக்காடு குறைந்தது. நூறு விபத்துக்கு எத்தனை சாவு என்று கணக்கிட்டால், 2016-இல் 24, 2019-இல் 18. அதே காலத்தில் இந்திய அளவில் இந்த விகிதம் 31.4-இலிருந்து 33.7-ஆக ஏறியது. சாலைகள் அகலமாகி, வண்டிகளின் வேகம் கூடிக்கொண்டிருந்த நாட்டில், ஒரு மாநிலத்தில் மட்டும் அடிபட்டால் சாகும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்றால் புருவம் உயர்ந்திருக்க வேண்டும்.

அன்று சொல்லப்பட்ட விளக்கம்: ஆம்புலன்ஸ் சீக்கிரம் வருகிறது, அவசரச் சிகிச்சை மேம்பட்டிருக்கிறது, அதனால் அடிபட்டவர்கள் பிழைக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஓரளவு உண்மையாகவும் இருந்திருக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மருத்துவமனையில் ஆள் பிழைத்தாலும் சரி, மருத்துவமனையில் இறந்தது கணினியில் ஏறாமல் போனாலும் சரி, காவல்துறைத் தரவில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். விபத்து எண்ணிக்கை கொஞ்சம் குறையும், சாவு நிறையக் குறையும், காயமடைந்தோர் பட்டியல் அப்படியே நிற்கும். இரண்டையும் பிரித்துக்காட்டக்கூடிய சான்று காவல்துறையிடம் இல்லை. அது மருத்துவமனையின் இறப்புப் பதிவேட்டில் இருக்கிறது. காவல்துறைத் தரவை மட்டும் வைத்துக்கொண்டு சிகிச்சையின் வெற்றியை அளக்கவே முடியாது. இந்த நிகழ்வின் முக்கியமான கண்டுபிடிப்பு இதுதான் என்பேன்.

சுவீடனில் ஸ்ட்ராடா என்ற தரவுத்தளம் 2003 முதல் இருக்கிறது. காவல்துறை ஒரு பக்கம் பதிகிறது, மருத்துவமனை இன்னொரு பக்கம் பதிகிறது, ஒரே ஆளுக்கான இரண்டு பதிவுகளும் இணைக்கப்படுகின்றன. இதனால் காவல்துறை காதுக்கே எட்டாத விபத்துகள் வெளிச்சத்துக்கு வந்தன. மிதிவண்டியில் தனியாக வழுக்கி விழுந்து கை உடைந்தவர் போலீசுக்குப் போவதில்லை, டாக்டரிடம் போகிறார். அங்கே மிதிவண்டிப் பாதையைப் பராமரிப்பது பற்றிய பேச்சுக்கு இந்த மருத்துவமனைப் பதிவுகள்தான் அடிப்படை.

எந்தப் பிழை எதைக் கெடுத்தது

சாவு விடுபட்டதால் மாநிலத்தின் மதிப்பெண் கெட்டது, சரி. விபத்துகள் குவியும் இடங்களான கரும்புள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையும் கெட்டதா? நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்பதுதான் விந்தை.

தேசிய நெடுஞ்சாலையில் கரும்புள்ளி என்றால் ஏறத்தாழ 500 மீட்டர் நீளமுள்ள துண்டு. அங்கே மூன்று ஆண்டுகளில் சாவோ கொடுங்காயமோ உள்ள விபத்துகள் 5 நடந்திருக்க வேண்டும், அல்லது மொத்தம் 10 பேர் இறந்திருக்க வேண்டும். முதல் விதியில் சாவும் கொடுங்காயமும் ஒரே தட்டில்தான் வைக்கப்படுகின்றன. ஆகவே இறந்தவர் தவறுதலாகக் கொடுங்காயப் பட்டியலில் நின்றாலும், அந்த விபத்து ஐந்தில் ஒன்றாக எண்ணப்பட்டுவிடும். 337-இலேயே, சாதாரணக் காயமாகவே தேங்கிவிட்டால்தான் கணக்கிலிருந்து விடுபடும்.

கரும்புள்ளி வேலையை உண்மையில் கெடுப்பது இடப்பிழை. எஃப்ஐஆர் படிவத்தில் இடத்தை எப்படிக் கேட்கிறார்கள் தெரியுமா? காவல் நிலையத்திலிருந்து எந்தத் திசை, எவ்வளவு தூரம். 'தெற்கே 4 கி.மீ., பெட்ரோல் பங்க் அருகில்' என்று எழுதினால் நீதிமன்றத்துக்குப் போதும். 500 மீட்டர் துண்டைத் தேடுகிறவருக்குப் போதவே போதாது. பங்கின் அருகில் என்றால் மீடியன் திறப்புக்கு முன்பா, பின்பா? எந்தப் பக்கத்துப் பாதையில்? இப்போது செல்போன் செயலி இடக்குறியைத் தானே எடுத்துக்கொள்கிறது. பெரிய முன்னேற்றம். ஆனாலும் சம்பவ இடத்தில் வைத்துப் பதிந்தால்தான் அது இடக்குறி. நிலையத்துக்குத் திரும்பி வந்து, டீ குடித்துவிட்டுக் கவனிக்காமல் பதிந்தால் புள்ளி நிலையத்து வாசலிலேயே விழும். ஒரு மாவட்ட வரைபடத்தில் காவல் நிலையக் கட்டடங்களைச் சுற்றி விபத்துகள் மொய்த்திருந்தால், அந்த மாவட்டத்தில் முதலில் சரிசெய்ய வேண்டியது சாலையை அல்ல.

அடுத்தது காரணம் என்ற கட்டம். 2022-இல் இந்தியாவில் நடந்த சாலைச் சாவுகளில் 71.2 விழுக்காட்டுக்கு அதிவேகமே காரணம் என்கிறது ஆண்டறிக்கை. யார் அளந்தார்கள்? 'ஓட்டுநர் தனது வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' என்று தொடங்காத விபத்துப் புகாரை நீங்கள் பார்த்திருக்கவே முடியாது. சட்டப் பிரிவுக்கு அந்த வாசகம் வேண்டும், ஆகவே அது எழுதப்படுகிறது. அங்கிருந்து தரவுத்தளத்தின் காரணப் பட்டியலில் 'அதிவேகம்' தேர்வாகிறது. வழக்குக்கு ஒரு குற்றவாளி தேவை. பொறியாளருக்குத் தேவைப்படுவது வேறு.

உதாரணத்துக்கு, நான்குவழிச் சாலையோரம் ஒரு கிராமம். எதிர்ப்பக்கம் பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும். யூ-டர்ன் எடுக்க இரண்டு கிலோமீட்டர் போக வேண்டும். சர்வீஸ் ரோடு பாதியில் நின்றுவிட்டது. ஊர்க்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் அரை கிலோமீட்டர் ஓட்டி, மீடியனில் யாரோ உடைத்து வைத்த சந்து வழியாகக் கடக்கிறார்கள். அங்கே மூன்று ஆண்டில் ஆறு விபத்து. ஆறு எஃப்ஐஆரிலும் அதிவேகம், இல்லாவிட்டால் தவறான திசையில் ஓட்டியது. இந்த ஆறையும் ஒரே தாளில் மோதல் வரைபடமாகப் போட்டு, எந்த வண்டி எந்தத் திசையிலிருந்து வந்தது, மணி என்ன, வெளிச்சம் இருந்ததா என்று அம்புக்குறிகளால் காட்டினால், ஆறும் ஒரே சந்தில் குவியும். காரணக் கட்டத்தைப் படித்தவர் வேகத் தடுப்புக் கேமரா கேட்பார். வரைபடத்தைப் பார்த்தவர் சர்வீஸ் ரோட்டை முடிக்கச் சொல்வார். அதனால்தான் அனுபவமுள்ள பொறியாளர்கள் காரணக் கட்டத்தை ஒதுக்கிவிட்டு, திசை, நேரம், வாகன வகை, மோதிய விதம் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அபிப்பிராயம் கலக்காத கட்டங்கள் அவைதான்.

குறைந்தது என்றால் உண்மையிலேயே குறைந்ததா?

கரும்புள்ளியைக் கண்டுபிடித்து, ஏதோ வேலை செய்து, 'முன்பு 6 விபத்து, இப்போது 3' என்று அறிக்கை எழுதுவது எல்லா மாவட்டங்களிலும் நடக்கிறது. இங்கே ஒரு கணக்குப் பொறி இருக்கிறது. தரவு நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும் இந்தப் பொறி இருக்கும்.

ஒரே மாதிரியான 100 சாலைத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் மூன்று ஆண்டுக்குச் சராசரியாக 3 கடும் விபத்துகள் நடக்கும் இயல்பு. எதுவும் மற்றதைவிட மோசமில்லை. ஆனால் விபத்துகள் வரிசையில் நின்று வருவதில்லை. ஓரிடத்தில் ஒன்றுமே நடக்காது, இன்னோரிடத்தில் ஆறு நடக்கும். தற்செயலாக வரும் நிகழ்வுகள் எப்படிச் சிதறும் என்று சொல்லும் பாய்சான் பரவல்படி கணக்குப் போட்டால், இந்த நூறில் ஏறக்குறைய 18 துண்டுகளில் வெறும் தற்செயலாக 5 அல்லது அதற்கு மேல் விழும். அந்தப் பதினெட்டும் கரும்புள்ளிப் பட்டியலில் ஏறும். அவற்றின் சராசரி சுமார் 5.7. அங்கே ஒரு செங்கல்கூட வைக்க வேண்டாம், அடுத்த மூன்று ஆண்டில் அவை தம் இயல்பான 3-க்குத் திரும்பிவிடும். 5.7-இலிருந்து 3. ஏறத்தாழப் பாதி குறைவு, எந்த வேலையும் செய்யாமல்! ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியவர், பேரிகேட் வைத்தவர், பூசணிக்காய் உடைத்தவர் மூவரும் தம்மால்தான் குறைந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதற்கு மாற்று இருக்கிறது. வேலை செய்த புள்ளிகளை, அதே அளவு மோசமாக இருந்தும் இன்னும் வேலை தொடங்காத புள்ளிகளோடு ஒப்பிட வேண்டும். மாநிலம் முழுக்க எல்லாக் கரும்புள்ளிகளிலும் ஒரே நேரத்தில் வேலை நடப்பதில்லை என்பதால் அப்படிப்பட்ட ஒப்பீட்டுக் குழு தானாகவே கிடைக்கிறது. செலவில்லாத சோதனை. ஆனாலும் கரும்புள்ளி அறிக்கைகள் பெரும்பாலும் முன்-பின் எண்களோடு நின்றுவிடுகின்றன.

மற்ற மாநிலங்களோடு வைத்துப் பார்த்தால்

2022-இல் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் பதிவாயின. நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884. உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். தொலைக்காட்சியில் 'விபத்தில் முதலிடம்' என்று ஓடியது. அதே ஆண்டு பிகாரில் 10,801 விபத்துகளில் 8,898 பேர் இறந்தார்கள். நூறு விபத்துக்கு 82 சாவு. கேரளத்தில் 43,910 விபத்துகளில் 4,317 பேர், நூறுக்குப் பத்து. பிகார்ச் சாலைகள் கேரளத்தைவிட எட்டு மடங்கு கொலைவெறி பிடித்தவை அல்ல. பிகாரில் ஆள் இறக்காத விபத்து பெரும்பாலும் ஏட்டில் ஏறுவதே இல்லை, கேரளத்தில் இன்சூரன்ஸ் கேட்பதற்காகச் சின்ன உரசலும் ஏறிவிடுகிறது என்பதே இந்த வித்தியாசத்துக்குப் பொருத்தமான விளக்கம். எனவே விபத்து எண்ணிக்கையில் முதலிடம் என்பது ஒழுங்காக எழுதுகிறவனுக்குக் கிடைக்கும் தண்டனை. ஆண்டுதோறும் இந்தத் தரவரிசையைத் தலைப்புச் செய்தியாக்குவதை நிறுத்தினாலே பாதி மாநிலங்கள் கொஞ்சம் நேர்மையாக எழுதத் தொடங்கும்.

தன் கணக்கைத் தானே திருத்தி, கிடைத்த பாராட்டைக் கெடுத்துக்கொண்ட தமிழ்நாட்டைக் குறைசொல்ல எனக்கு மனம் வராததும் இதனால்தான். 2021-இல் 15,384, 2022-இல் 17,884 என்று எண் மேலே போவது பார்க்கக் கசப்பாக இருந்தாலும், அதை வைத்து ஏதாவது செய்ய முடியும்.

கோவை டாக்டரின் மனு, பிறகு நடந்தவை

பதிவு முறை மாறியதில் ஒரு தமிழ்நாட்டு மருத்துவருக்குப் பங்குண்டு. கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தார். 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. மாநிலங்களைத் தொடர்ந்து கணக்குக் கேட்டு நச்சரித்த குழு அது. மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு, கரும்புள்ளிகளைக் கண்டறிந்து சரிசெய்வது ஆகியவை 2017 உத்தரவில் வந்தன.

சென்னை ஐஐடி உருவாக்கி, தேசியத் தகவல் மையம் நடைமுறைப்படுத்திய ஐராட் என்ற விபத்துத் தரவுத்தளம் 2021-இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் முதலில் வந்தது. காவல், போக்குவரத்து, நெடுஞ்சாலை, சுகாதாரம் என்று நான்கு துறைகளும் ஒரே விபத்துப் பதிவில் தங்கள் பங்கை எழுத வேண்டும் என்பது இதன் அமைப்பு. ஆர்ஏடிஎம்எஸ்ஸில் ரைட்டர் ஒருவரின் தலையில் இருந்த சுமை இப்போது நான்காகப் பிரிந்திருக்கிறது. இதன் அடுத்த கட்டமான இ-டார், பதிவை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தோடும் இன்சூரன்ஸ் கம்பெனிகளோடும் இணைக்கிறது. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் விதி.

என்னைக் கேட்டால், பழைய ஓட்டையை அடைக்கப்போவது மென்பொருளின் நேர்த்தி அல்ல, பணம். இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்க, பதிவில் அவர் இறந்தவராக இருந்தாக வேண்டும். வக்கீல் விடமாட்டார். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவை மருத்துவமனைக்கு அரசு தருகிறது, ஆகவே ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவமனை கணக்குக் காட்டுகிறது. ராஜசேகரன் மனுவின் மீது 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கெடு விதித்தபின், அந்த ஆண்டு மே மாதம் நாடு முழுவதற்குமான கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஏழு நாள்வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்வரை. அதன் கோரிக்கைகள் இ-டார் வழியாகத்தான் போகின்றன. காவல்துறைப் பதிவும் மருத்துவமனைப் பதிவும் சந்திக்காமல் இனி பில் பாஸ் ஆகாது.

ஏழு நாள் முடிந்தபின் ஐசியுவில் இருப்பவர் எட்டாம் நாளிலிருந்து முப்பதாம் நாளுக்குள் இறந்தால்? அங்கே பில் இல்லை, ஆகவே பதிவைத் திறக்க வைக்கும் நெருக்கடியும் குறைவு. கலெக்டர் தலைமையில் நடக்கும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் மாதம் ஒரு முறை மூன்று பட்டியல்களை அருகருகே வைத்தால் அந்த இடைவெளி தெரிந்துவிடும்: 108 ஏற்றிச் சென்றவர்கள், மருத்துவமனையில் இறந்தவர்கள், இ-டாரில் இறந்தவர்களாகப் பதிவானவர்கள். முப்பது நாள் கழித்து எடுக்கும் பட்டியலாக அது இருக்க வேண்டும், மாதக் கடைசியில் அவசரமாக எடுத்ததாக இருக்கக் கூடாது. ஜிப்மர் போல மாநில எல்லைக்கு வெளியே உள்ள மருத்துவமனைகளின் பட்டியலையும் கேட்டு வாங்க வேண்டும்.